‘குழந்தை தூங்கும்போது நீயும் தூங்கு’ என்று சொல்கிறவர்களுக்கு

இந்த அறிவுரையை முதன்முதலில் சொன்ன புண்ணியவான் யார் என்று தெரிந்தால், நேரில் போய் ஒரு கும்பிடு போட்டுவிட்டு, என் குழந்தையை ஒரே ஒரு ராத்திரி அவர் கையில் கொடுத்துவிட்டு வந்துவிடுவேன். பார்க்க வருகிறவர், போனில் கூப்பிடுகிறவர், டாக்டருக்காகக் காத்திருக்கும்போது பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர், ஒருத்தர் பாக்கியில்லை. முகத்தைப் பார்த்ததும், ‘ஐயோ, கண்ணெல்லாம் உள்ளே போயிருக்கே, குழந்தை தூங்கும்போது நீயும் தூங்கிடும்மா!’ என்னமோ எனக்கே அது தோன்றாத மாதிரி.

சரி, கணக்குப் போடுவோம். பிறந்த குழந்தை ஒரு நாளைக்கு 8 முதல் 12 தடவை பால் குடிக்கும். ஒரு தடவைக்கு 40 நிமிடம் என்று வைத்தால், 12 தடவைக்கு 8 மணி நேரம். முழுநேர வேலை, விடுமுறை கிடையாது, பாதி ஷிப்ட் நடுராத்திரியில். அதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ‘இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை’ என்கிறார்களே, அது பால் கொடுத்து முடித்ததிலிருந்து இல்லை, கொடுக்கத் தொடங்கியதிலிருந்து! பால் கொடுத்து, தோளில் போட்டுத் தட்டி ஏப்பம் வரவைத்து, ஏப்பத்தோடு என் கழுத்தில் வழிந்ததைத் துடைத்து, டயப்பர் மாற்றி, தூங்கவைத்து நிமிர்ந்தால் மிச்சம் அரை மணி இருந்தால் பெரிய விஷயம். அந்த அரை மணியில் நான் சாப்பிட வேண்டும், குளிக்க வேண்டும், பால் பம்ப்பின் குட்டிக் குட்டிப் பாகங்களைக் கழற்றிக் கழுவிக் கொதிநீரில் போட வேண்டும். அப்புறம், ஆமாம், தூங்கவும் வேண்டும்.

அந்தத் தூங்கவைக்கும் வேலை இருக்கிறதே! கையில் இருக்கிற வரைக்கும் கும்பகர்ணன். மெத்தையில் இறக்கும்போதுதான் வித்தையே. முதலில் இடுப்பு, அப்புறம் முதுகு, கடைசியில் தலை. தலைக்கு அடியில் மாட்டிக்கொண்ட கையை விரல் விரலாக உருவ வேண்டும். மூச்சை அடக்கி இரண்டு அடி பின்னால் வைத்ததும் என் முழங்கால் ‘சொடக்’ என்கும். கண் திறந்துவிடும். முதலிலிருந்து.

‘பச்சைக் குழந்தை 14 மணி நேரம், 17 மணி நேரமெல்லாம் தூங்குமாமே, உனக்கென்ன கஷ்டம்?’ என்று ஒரு உறவினர் கேட்டார். தூங்கும்தான், துண்டு துண்டாக. பகல் எது, ராத்திரி எது என்று பிரித்துப் பார்க்கிற உடல் கடிகாரமே முதல் இரண்டு மூன்று மாதத்துக்கு அதற்கு அமைவதில்லை. பெரியவர்களுக்கோ தூக்கத்தின் ஒரு சுற்று முடியவே சுமார் ஒன்றரை மணி நேரம் ஆகும். அரை மணித் துண்டுகளை எத்தனை ஒட்டினாலும் அது தூக்கம் ஆகாது.

அழுதால் உடனே தீர்ப்பு: ‘பால் போதலை போல.’ குழந்தைகளின் அழுகை ஆறாவது வாரம் வாக்கில் உச்சத்துக்குப் போய், மூன்று நான்கு மாதத்தில் தானாகக் குறைகிறது. சாயங்காலம் ஆனால் விட்டு விட்டுப் பால் கேட்பதும் சகஜம். போதுகிறதா என்று தெரிய வேண்டுமென்றால் எடை ஏறுகிறதா, முதல் வாரத்துக்குப் பிறகு நாளைக்கு ஆறு டயப்பராவது நனைகிறதா என்று பார்க்க வேண்டும். என் முகத்தைப் பார்த்து அல்ல.

வருகிறவர்களின் ஒத்தாசையைத்தான் என்னால் தாங்கவே முடியவில்லை. ‘நான் குழந்தையைப் பார்த்துக்கிறேன், நீ போய் உன் வேலையைப் பாரு.’ அதாவது, அவர் சிரிக்கிற குழந்தையைக் கொஞ்சுவார், நான் பாத்திரம் கழுவ வேண்டும், கையோடு அவருக்குக் குடிக்கவும் ஏதாவது கொண்டுவர வேண்டும். குழந்தை சிணுங்கினால், ‘இந்தா, அம்மாகிட்ட போ.’ டயப்பர் நிறைந்தாலும் அம்மாகிட்ட போ. கணவர் ஒரு டயப்பர் மாற்றினால் மட்டும் பாராட்டு விழா! ‘எவ்வளவு ஒத்தாசையா இருக்கார், நீ கொடுத்துவைத்தவள்.’ ராத்திரி அவரை எழுப்பினால், ‘பாவம், காலையில் வேலைக்குப் போகணுமே.’ நான் காலையில் எங்கே போகிறேன், உல்லாசப் பயணமா? (அவரைக் குறை சொல்லவில்லை, எழுப்பினால் எழுந்துகொள்வார். எழுப்புவதும் என் வேலையாக இருப்பதுதான் எரிச்சல்.)

இது முதல் சில வாரத்தோடு முடிகிற கதையும் இல்லை. கொஞ்சம் நிம்மதி வந்த மாதிரி இருக்கும், நாலாவது மாதம் வாக்கில் தூக்கம் மறுபடி கலையும். அதே சமயத்தில் முடி கொத்துக் கொத்தாகக் கொட்டும். எட்டு ஒன்பது மாதத்தில் அம்மா கண்ணில் படாவிட்டால் ஊரைக் கூட்டும் அழுகை, குளியலறைக் கதவைச் சாத்த முடியாது. ஒரு வயதுக்குள் குழந்தையின் எடை பிறந்ததைப் போல மூன்று மடங்காகிவிடும். தூக்கித் தூக்கிக் கட்டைவிரல் அடியில் மணிக்கட்டு வலிப்பதற்கு டாக்டர்கள் தனிப் பெயரே வைத்திருக்கிறார்கள்.

அழுதால் ‘ஹார்மோன்’ என்று ஒரு வார்த்தையில் மூடிவிடுகிறார்கள். முதல் இரண்டு வாரம் காரணமில்லாமல் அழுகை வருவது பெரும்பாலான தாய்மார்களுக்கு உண்டு, தானாகப் போய்விடும். இரண்டு வாரம் தாண்டியும் மனம் இருண்டே கிடந்தால், குழந்தை தூங்கினாலும் தூக்கம் வராவிட்டால், அது நோய், அதற்கு மருத்துவம் இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்கப் பத்தே கேள்விகள் கொண்ட எடின்பரோ அளவுகோல் 1987-லேயே வந்துவிட்டது. குழந்தையின் எடையைக் கிராம் கணக்கில் குறித்துக்கொள்கிறவர்கள் யாரும் அந்தப் பத்தில் ஒன்றைக்கூட என்னிடம் கேட்கவில்லை.

நான் தூங்க வேண்டும் என்று உண்மையிலேயே நினைக்கிறவர்கள் இதைச் செய்யுங்கள். பால் கொடுத்து முடித்த அந்த நிமிடமே குழந்தையை வாங்கிக்கொள்ளுங்கள். ஏப்பம், டயப்பர், தாலாட்டு எல்லாம் உங்கள் பாடு. சிணுங்கினால் நடந்துகொண்டே இருங்கள். பம்ப் பாகங்கள் கழுவுதொட்டியில் கிடக்கின்றன, சின்ன ரப்பர் வால்வைத் தொலைத்துவிடாதீர்கள். அடுத்த பாலுக்கு முன்னால் கதவைத் தட்டி, ‘தூங்கினியா?’ என்று கேட்க மட்டும் வேண்டாம்.