எவ்வளவு நேரம் நீட்டுகிறோம் என்பதும் முக்கியம்

தசையை நீட்டிப் பிடித்தால் தாவும் உயரம் குறையும், அதனால் போட்டிக்கு முன் ஸ்ட்ரெச்சிங்கே வேண்டாம் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. முதல் பாதி சரி, முடிவு அவசரம். ஒரே தசையை 60 விநாடிக்கு மேல் அசையாமல் இழுத்துப் பிடிக்கும்போதுதான் விசை குறைவது தெளிவாகத் தெரிகிறது. தசைக்குப் போகும் நரம்புத் தூண்டுதல் சற்று மந்தமாகிறது, தசையின் விறைப்பும் தளர்கிறது. 30 விநாடிக்குள் விட்டுவிட்டு, மெல்லோட்டம், கால் வீச்சு, சின்னத் துள்ளல்கள் என்று உடம்பைச் சூடாக்கினால் அந்த இழப்பு பெரும்பாலும் மறைந்துவிடும். சூடேறிய தசை வேகமாகச் சுருங்கும் அல்லவா!

நான் வாலிபால் ஆடிய நாட்களில் தொடையின் பின்தசையை இரண்டு நிமிடம் இழுத்துப் பிடித்துவிட்டு, எழுந்ததும் நேராக வலைக்கு ஓடுவோம். கால் கனக்கும், எதிரணி அடிக்கும் பந்தை வலைக்கு மேல் தடுக்கும் பிளாக்கில் கை எட்டாது. பிறகு நீட்டுவதைச் சுருக்கி முன்னால் வைத்து, கடைசியாக ஐந்தாறு முழுவேகத் தாவல்களைச் சேர்த்தோம். கால் கனப்பது நின்றது.

ஜிம்னாஸ்டிக்ஸ், தடை ஓட்டக்காரர்களுக்கு இடுப்பு மூட்டு முழு வீச்சில் திறந்தே ஆகவேண்டும். தயவுசெய்து அவர்களிடமும் நீட்டவே வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள்.