போலி அல்ல, கத்தரிக்கப்பட்டது
செக் கம்யூனிஸ்ட் பத்திரிகையாளர் ஜூலியஸ் பூசிக்கின் சிறை நூலான ‘தூக்குமேடைக் குறிப்பு’, இரண்டாம் உலகப் போருக்குப் பின் கம்யூனிஸ்ட் கட்சி இட்டுக்கட்டிய போலி என்று இங்கே சிலர் அடித்துச் சொல்கிறார்கள். அது தவறு. பிராகாவின் பாங்க்ராட்ஸ் சிறையில் 1943இல் அவர் பென்சிலால் எழுதிய துண்டுத்தாள்களைக் காவலர் கோலின்ஸ்கி ரகசியமாக வெளியே கடத்தினார். 1990களில் நடந்த தடயவியல் ஆய்வும் கையெழுத்து அவருடையதே என்றது.

ஆனால் 1945 பதிப்பில் கத்தரி விழுந்தது உண்மை. விசாரணையில் மௌனம் கலைத்து, நாஜி ரகசியப் போலீஸான கெஸ்டபோவைத் திசைதிருப்பப் பேசத் தொடங்கியதாக அவரே எழுதிய பகுதியை நீக்கிவிட்டார்கள். அசைக்க முடியாத வீரர் என்ற பிம்பத்துக்கு அது இடைஞ்சல் போலும்! முழு வடிவம் 1995இல்தான் வெளிவந்தது. வெட்டியவர்கள் மீதான கோபத்தை எழுதியவர் தலையில் ஏன் கட்டுகிறீர்கள்? அவரை நாஜிகள் 1943 செப்டம்பரிலேயே பெர்லினில் கொன்றுவிட்டார்கள்.