என் சனி, ஞாயிறை எனக்கே விட்டுவிடுங்கள்

எங்கள் கம்பெனியின் இந்த வருட டூர் அறிவிப்பு வந்துவிட்டது. சனிக்கிழமை காலை டோக்கியோவில் பஸ் ஏறி, ஒரு ராத்திரி தங்கி, ஞாயிறு சாயங்காலம் திரும்ப வேண்டும். விருப்பம் உள்ளவர்கள் வரலாம் என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள். அதற்குக் கீழேயே, வராதவர்கள் காரணம் எழுத ஒரு கட்டம். எழுதியதை மேலாளர் பார்த்து முத்திரை வைக்க வேண்டும். விருப்பம் இருந்தால் போதும் என்றால் காரணம் எதற்கு? வர விருப்பமில்லை என்பதே ஒரு காரணம் இல்லையா? வருஷா வருஷம் எல்லோரும் வாயை மூடிக்கொண்டு பஸ் ஏறுகிறோம். இந்த முறை எனக்குப் பொறுக்கவில்லை.

இதற்கு மாதா மாதம் சம்பளத்தில் பிடித்தம் வேறு. போகாதவர்களுக்கு அந்தப் பணம் திரும்பக் கிடைக்குமா என்று எச்.ஆரில் கேட்டேன். கிடைக்காது, வரிச் சிக்கல் வரும் என்றார்கள். வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்தேன். டூர் 4 இரவு 5 பகலுக்குள் முடிந்து, ஊழியர்களில் பாதிப் பேராவது போயிருந்தால், கம்பெனி செய்யும் செலவைப் பொதுவாகச் சம்பளமாகக் கணக்கிட்டு வரி போடுவதில்லை. ஜப்பான் வரித்துறையின் விதி அது. சொந்தக் காரணத்தால் வராமல் இருப்பவருக்குப் பணமாகக் கொடுத்தால், போனவர்களுக்கும் சேர்த்து அது சம்பளக் கணக்கில் ஏறிவிடும். ஆள் சேர்ப்பதில் இவ்வளவு கெடுபிடி ஏன் என்பது அப்போதுதான் பாதி புரிந்தது. சரி, அதெல்லாம் கம்பெனி கைக்காசு போடும் பங்குக்கான விதி. என் சம்பளத்தில் பிடித்தது என் காசு. போகாதவளின் காசை என்ன நியாயத்தில் வைத்துக்கொள்கிறீர்கள்?

போன வருடம் கினுகாவாவுக்குப் போனோம். டோக்கியோவுக்கு வடக்கே, தொச்சிகி மாநிலத்தில் இருக்கும் வெந்நீர் ஊற்று ஊர். வீட்டுக்காரருக்கு அந்தச் சனிக்கிழமை வேலை. மகளுக்கு நாலு வயது. டோக்கியோவின் நிஷிகசாய் பகுதியில் எங்கள் குடியிருப்பிலேயே இருக்கும் தமிழ் அக்கா ஒருவர் பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னதால் தப்பித்தோம். அவர் இல்லாவிட்டால் என்ன செய்திருப்பேன்? அம்மாவும் மாமியாரும் கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறார்கள். காரணம் எழுதும் கட்டத்தில் “குழந்தை” என்று எழுதிய என்னிடம் மேலாளர் வந்து, “கணவர் ஒரு நாள் பார்த்துக்கொள்ள மாட்டாரா?” என்று எல்லோர் முன்னாலும் கேட்டார். என் வீட்டு ஏற்பாட்டை ஆபீஸ் நடுவில் நின்று விளக்க வேண்டியிருந்தது.

பஸ்ஸில் காலையிலேயே பீர் டின்கள் திறந்தாயிற்று. பின்னாலேயே கரோகே மைக். ராத்திரி விருந்து தடாமி என்ற கோரைப்பாய் பரப்பிய பெரிய கூடத்தில், எல்லோரும் யுகாதா என்ற பருத்தி அங்கியைக் கட்டிக்கொண்டு வரிசையாக உட்கார வேண்டும். நான் மீன், இறைச்சி, முட்டை சாப்பிட மாட்டேன் என்று படிவத்தில் எழுதியிருந்தேன். என் முன்னால் வைத்த தட்டில் சாஷிமி என்ற பச்சை மீன் இல்லை, மாட்டிறைச்சி இல்லை, உண்மைதான். ஆனால் முட்டையில் வேகவைத்த சவான்முஷி கிண்ணம் இருந்தது, அதற்குள் ஓர் இறால். கீரைமேல் கட்சுவோ மீன் சீவல், நம் ஊர் மாசிக்கருவாட்டைச் சீவிப் போட்ட மாதிரி. மிசோ சூப்பும் அதே மீன் சாறு. மாவில் தோய்த்துப் பொரித்த காய்கறி டெம்புராவுக்குத் தொட்டுக்கொள்ள வைத்த குழம்பும் அதே. வெறும் சோறும் முள்ளங்கி ஊறுகாயும் சாப்பிட்டேன். இந்த நாட்டில் சைவம் சமைக்கத் தெரியாதா என்ன? கோயாசான் மலையின் புத்த மடங்களில் கொம்பு என்ற கடற்பாசியும் ஷீத்தாகே காளானும் போட்டே சாறு எடுத்து, அருமையாகச் சமைத்துப் போடுகிறார்கள். ஒருவரின் சாப்பாட்டுக்காக ஓட்டலில் இரண்டு வார்த்தை கூடுதலாகக் கேட்க மனம் வரவில்லை, அவ்வளவுதான்.

பசியைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். அடுத்து நடந்ததைப் பொறுக்க முடியவில்லை. மூத்த பெண் ஊழியர் ஒருவர் பீர் பாட்டிலை என் கையில் கொடுத்து, “பிரிவுத் தலைவருக்கு ஊற்றிவிட்டு வாங்க” என்றார். லேபிள் மேலே தெரிய இரண்டு கையாலும் பிடிக்க வேண்டும் என்றும் சொல்லிக்கொடுத்தார். அந்தக் கூடத்தில் பாட்டிலோடு முழங்காலிட்டு நகர்ந்துகொண்டிருந்தவர்களில் ஏறக்குறைய எல்லோருமே பெண்கள். நான் இங்கே புரோகிராம் எழுதச் சேர்ந்தவள். ஜப்பானில் மத்திய அரசு ஊழியர்களுக்கான விதிமுறை விளக்கத்திலேயே, விருந்தில் மது ஊற்றச் சொல்லிக் கட்டாயப்படுத்துவது பாலியல் தொல்லைக்கு எடுத்துக்காட்டாக இருக்கிறது. தனியார் கம்பெனிப் பெண்களுக்கு மட்டும் அது உறவு வளர்க்கும் பண்பாடா?

பிங்கோ என்ற எண் விளையாட்டு தொடங்கும்போது போன் அடித்தது. மகள். தூக்கம் வராமல் அழுகிறாள். கூடத்துக்கு வெளியே ஓடி, வீடியோவில் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே தாலாட்டுப் பாடினேன். பாதிப் பாட்டில் டூர் ஏற்பாடு செய்யும் பையன் வந்து தலை குனிந்து நிற்கிறான். உங்கள் பிங்கோ அட்டையைப் பார்க்க ஆள் இல்லை, உள்ளே கூப்பிடுகிறார்கள் என்றான். அவன்மேல் எனக்குக் கோபமே இல்லை. வேலைக்குச் சேர்ந்து இரண்டாவது வருடம். பஸ் பட்டியல், அறைப் பங்கீடு, பரிசுப் பொருள் என்று எல்லாவற்றையும் அவன் தலையில் கட்டிவிட்டார்கள். வழியில் பஸ் நிறுத்திய இடத்தில் என்னிடம் மெதுவாகச் சொன்னான்: “நீங்க வெளிநாட்டுக்காரங்க, வரலைன்னா விட்டுடுவாங்க. என்னால அப்படிச் சொல்ல முடியாது.” அதுவரை இது என்னை மாதிரி வெளியே இருந்து வந்தவர்களின் கஷ்டம் என்றுதான் நினைத்திருந்தேன். இந்த ஊர்ப் பிள்ளைகள்தான் இதில் அதிகமாக மாட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

மறுநாள் காலை ஆற்றோரம் நடந்தேன். பாழடைந்த ஓட்டல்கள் வரிசையாக நிற்கின்றன. ஜன்னல் உடைந்து, சுவரில் கொடி ஏறி. ஒரு காலத்தில் கம்பெனிக் கூட்டங்களை நம்பி மாடிமேல் மாடியாகக் கட்டியவை. 1990-களில் பொருளாதாரம் சரிந்தது, கூட்டம் கூட்டமாக டூர் போவதும் குறைந்தது. கடன் கொடுத்துத் தாங்கிய அஷிகாகா வங்கியும் 2003-ல் திவாலானது. எத்தனையோ கம்பெனிகள் விட்டுவிட்ட பழக்கத்தை எங்கள் கம்பெனி மட்டும் ஏன் இப்படிக் கட்டிக்கொண்டு அழுகிறது?

ஒற்றுமைக்காக என்கிறார்கள். மகளுக்குக் காய்ச்சல் வந்த வாரம், கேட்காமலே என் வேலையை எடுத்துச் செய்து கொடுத்தாரே பக்கத்து மேசைக்காரர், அவரிடம் எனக்கு உயிரான மதிப்பு இருக்கிறது. அது ஆபீஸ் நாளில், ஆபீஸ் நேரத்தில் வந்தது. எந்த விருந்துக் கூடத்திலும் வரவில்லை.

கட்டாயம் வர வேண்டும் என்றால் அது வேலை. வாரத்தில் ஒரு நாளாவது ஓய்வு தர வேண்டும், அந்த நாளில் வேலை வாங்கினால் 35 சதவீதம் கூடுதலாகத் தர வேண்டும் என்று இந்த நாட்டுத் தொழிலாளர் சட்டமே சொல்கிறது. அப்படியானால் சம்பளம் போடுங்கள். கட்டாயம் இல்லை என்றால் காரணம் எழுதும் அந்தக் கட்டத்தை எடுங்கள், வராதவர்களிடம் பிடித்த பணத்தைத் திருப்பிக் கொடுங்கள். எல்லோரும் சேர்ந்து உட்கார வேண்டும் என்பது நிஜமான ஆசையாக இருந்தால், ஒரு வெள்ளிக்கிழமை மதியம் வேலை நேரத்தில் சாப்பிடக் கூட்டிப் போங்கள், நான் முதல் ஆளாக வருகிறேன். அவரவர் டம்ளரில் அவரவர் ஊற்றிக்கொள்ளட்டும். ஐந்து மணிக்கு நான் மகளை அழைத்துவரக் கிளம்பிவிடுவேன்.