பிரேசில்ல இனவெறியே இல்லைன்னு வர்ற ஃபார்வர்ட் தப்புங்க

"பிரேசில்ல எல்லாரும் கலந்துட்டாங்க, அதனால அங்க இனவெறியே கிடையாது, அதுக்குன்னு சட்டமும் தேவைப்படல"ன்னு ஒரு மெசேஜ் குரூப் குரூப்பா சுத்துது. கலப்பு அதிகம்ங்கறது மட்டும்தான் உண்மை, மீதி சரியில்ல.

2022 சென்சஸ்ல 45 சதவீதம் பேர் தங்களை 'பார்டோ', அதாவது கலப்பினம்னு சொன்னாங்க, வெள்ளையர்னு சொன்னவங்க 43, கறுப்பர்னு சொன்னவங்க 10. ஆனா அதே அரசு புள்ளியியல் நிறுவனம், ஐபிஜிஇ, வெளியிடற வருமானக் கணக்கைப் பாத்தா வெள்ளையரோட சராசரி சம்பளம் மத்த ரெண்டு பிரிவையும் விட ரொம்ப அதிகம், கலப்பினத்தவங்க கறுப்பர் பக்கம்தான் நிக்கறாங்க. அவங்க வெப்சைட்லயே இருக்கு, போய் பாக்கலாம். சட்டம் தேவைப்படலைன்னா 1988 அரசியலமைப்புல இனவெறியை ஜாமீன் இல்லாத குற்றம்னு ஏன் எழுதினாங்க, 2012ல மத்திய அரசு பல்கலைக்கழகங்கள்ல கறுப்பர், கலப்பினத்தவங்க, பழங்குடியினருக்கு இட ஒதுக்கீடு ஏன் வந்துச்சு?

கலப்பு இருந்தா சமத்துவம் தானா வந்துரும்னு நம்பறவங்க தென்னாப்பிரிக்காவையும் பாருங்க. 1950 சட்டம் ஒவ்வொருத்தரையும் இனவாரியா பதிவு பண்ணுச்சு, கலப்பினத்தவங்களுக்கு 'கலர்ட்'னு தனிப் பிரிவு. சந்தேகம் வந்தா தலைமுடில பென்சிலைச் சொருகி அது கீழ விழுதா நிக்குதான்னு பாத்து முடிவு பண்ணதும் உண்டு (கேக்கவே அசிங்கமா இருக்கு), ஒரே குடும்பத்துல அண்ணன் ஒரு இனம் தம்பி வேற இனம்னு ஆயிருக்கு. அந்தச் சட்டம் 1991லதான் ரத்தாச்சு.

அந்த மெசேஜ் வந்தா தயவுசெஞ்சு மேல அனுப்பாதீங்க, அனுப்பினவங்ககிட்ட பொறுமையா இதைச் சொல்லிடுங்க.