பூனைக்காலிப் பொடி மாத்திரைக்கு மாற்று அல்ல

"பூனைக்காலி விதைப் பொடியைப் பாலில் குடித்தால் பார்கின்சன் (கை நடுக்கமும் உடல் விறைப்பும் தரும் மூளை நரம்பு நோய்) போய்விடும், மாத்திரையை நிறுத்திவிடலாம்" என்று தஞ்சைப் பக்க வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது. தவறு. அந்த விதையில் லெவோடோபா என்ற மருந்துப் பொருள் இருப்பது உண்மைதான், மாத்திரையில் இருப்பதும் அதுவே. ஆனால் பொடியில் அதன் அளவு விதைக்கு விதை மாறும். மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் உடம்பு விறைத்து, கடும் காய்ச்சல் வந்து, உயிருக்கே ஆபத்தாகலாம்.

மன்னார்குடியில் என் பெரியப்பா இரண்டு நாள் நிறுத்தியதற்கே நிலைப்படியில் கால் ஒட்டினாற்போல் நின்றுவிட்டார். அப்படி நின்றால் பிடித்து இழுக்காதீர்கள். தரையில் ஒரு கோலக்கோடு இழுத்து, அதைத் தாண்டச் சொல்லுங்கள். பலருக்குக் கால் நகரும்.

அப்புறம், பால், பருப்பு, மீனிலுள்ள புரதம் மருந்து உடம்பில் சேர்வதைக் குறைக்கும். மாத்திரையைச் சாப்பாட்டுக்கு அரை மணி முன்பே கொடுங்கள்.