டேங்க்கை எங்கே வைக்கிறோம் என்பது முக்கியம்

பழைய பிக்கப்பில் சீட்டுக்குப் பின்னால் இருக்கும் பெட்ரோல் டேங்க்கைக் கழற்றி வண்டியின் பின்பக்கம் வைக்கலாம் என்று ஒரு கட்டுரையில் படித்தேன். ரொம்பச் சரி. ஆனால் சேஸிஸுக்கு, அதாவது வண்டியைத் தாங்கும் இரும்புச் சட்டத்துக்கு, உள்பக்கமாக வையுங்கள். ஜெனரல் மோட்டார்ஸ் 1973 முதல் 1987 வரை தன் பெரிய பிக்கப்களில் வெளிப்பக்கமாக வைத்தது. பக்கவாட்டில் மோதினால் தீப்பிடிக்கிறது என்று அமெரிக்காவில் வழக்குக்கு மேல் வழக்கு. 1988இல் வந்த புது மாடலில் டேங்க் உள்ளே போய்விட்டது.

இங்கே பெங்களூரு ஜே.சி. ரோட்டுப் பக்கம் பழைய வண்டி வேலை செய்கிற நம் ஆட்கள் கெட்டிக்காரர்கள்தான். ஆனாலும் டேங்க்குக்குக் காற்று போய்வரும் குழாயான வென்ட் ஹோஸை நீங்களே குனிந்து பாருங்கள். அது மடங்கியிருந்தால் பங்க்கில் பெட்ரோல் பொங்கி வெளியே வழியும். டேங்க்குக்குள் காற்றே போகாவிட்டால் ஓடுகிற வண்டி திணறித் திணறி நின்றுவிடும், கோளாறு அங்கேதான் என்று நினைத்து, பாவம் கார்புரேட்டரைப் பிரித்துப் போடுவார்கள்!

அப்புறம், காலி டேங்க்தானே என்று ஓட்டைக்கு வெல்டிங் வைக்க விடவே விடாதீர்கள். உள்ளே தங்கிய பெட்ரோல் ஆவிக்கு ஒரு பொறி போதும், வெடித்துவிடும். துருப்பிடித்ததைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசு வாங்குங்கள். வண்டியில் மாற்றம் செய்வது பற்றி மோட்டார் வாகனச் சட்டம் 52ஆவது பிரிவு இருக்கிறது, அதனால் டேங்க்கை இடம் மாற்றும் வேலையைத் தொடங்கும் முன்பே ஆர்.டி.ஓ.வில் கேட்டுவிடுங்கள்.