அம்மா சிரித்த படம்

ஞாயிற்றுக்கிழமை நான் போட்ட, அம்மா சிரிக்கும் படத்துக்குக் கீழே நடந்ததை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அதில் ஒரு பெரியவர் எழுதியதை நான் அழிக்கவில்லை. அழித்தால் பயந்துவிட்டேன் என்று ஆகும். படத்தையும் எடுக்கப்போவதில்லை. "கார்த்திகையில் காரியம் முடிந்தது, தை பிறந்ததும் ஊர்சுற்றலா?" என்று கேட்டிருந்தார். அதற்கு ஏழு பேர் விருப்பக்குறி வேறு போட்டிருக்கிறார்கள். ஏழு பேரும் எங்கள் வீட்டில் பதினாறாம் நாள் இலையில் உட்கார்ந்து சாப்பிட்டவர்கள்.

என் அம்மா ஊர் சுற்றவில்லை. நடந்தாள். நடந்துபோய்ச் சிலை பார்த்தாள். பார்த்துவிட்டு அரண்மனை முற்றத்தில் உட்கார்ந்து, என் பையன் சொன்ன எதற்கோ சிரித்தாள். அப்பா போனபிறகு அம்மாவின் பல் தெரிந்தது அன்றைக்குத்தான். அதனால்தான் படம் எடுத்தேன். அதனால்தான் போட்டேன்.

சிரிப்புக்கு முன்னால் இருந்த நாட்கள் உங்களுக்குத் தெரியாது. நாற்பது வருடமாக அப்பா அதிகாலை மூன்றரைக்கு எழுந்து வயலுக்குத் தண்ணீர் பார்க்கப் போவார். அவருக்கு முன்னால் எழுந்து அடுப்பு மூட்டியவள் அம்மா. அவர் போனதும் அவளைத் தஞ்சாவூருக்கு என் வீட்டுக்கு அழைத்துவந்தேன். இங்கேயும் மூன்றரைக்கு எழுந்துவிடுவாள். விளக்குப் போடாமல் சமையலறையில் அடுப்புக்கு எதிரே உட்கார்ந்திருப்பாள். என்னம்மா என்றால், "ஒண்ணுமில்ல, நீ போய்ப் படு" என்பாள். மருத்துவர் தூக்க மாத்திரை எழுதித் தந்தார். பகலெல்லாம் மந்தமாகக் கிடந்தாளே தவிர, மூன்றரைக்கு எழுவது நிற்கவில்லை. கார்த்திகை முழுக்க இப்படித்தான் போயிற்று. அந்த ஏழு பேரில் ஒருவர்கூட அப்போது போன் பண்ணி, அக்கா தூங்குறாளா என்று கேட்கவில்லை.

மார்கழி பிறந்த அன்று நான் சொன்னேன், "எப்படியும் முழிச்சுத்தானே இருக்கே, வா, ஆத்தங்கரை வரைக்கும் போயிட்டு வருவோம்." அம்மா கேட்ட முதல் கேள்வி, "பாக்கறவங்க என்ன சொல்லுவாங்க?" இருட்டுல யாரு பாக்கப்போறாங்க என்று சொல்லித்தான் அவளைக் கிளப்பினேன். இப்போது நினைத்தால் அந்தப் பதிலைச் சொன்ன என்மீதே கோபம் வருகிறது. என் அம்மா ஏன் இருட்டில் ஒளிந்து நடக்க வேண்டும்? அவள் என்ன செய்துவிட்டாள்?

கல்லணைக் கால்வாய் என்று வரைபடத்தில் இருப்பது எங்களுக்குப் புது ஆறு. மார்கழியில் அதன் கரையோரம் நடந்தவர்களுக்கு நான் விளக்கவேண்டியதில்லை. நடக்காதவர்களுக்கு எப்படிச் சொன்னாலும் போய்ச் சேராது. தலையில் சால்வை, காதில் பஞ்சு, எங்கோ ஒரு கோயில் ஒலிபெருக்கியில் திருப்பாவை. தண்ணீருக்கு மேல் புகை மாதிரி பனி நின்றுகொண்டிருக்கும். வீடுகள் முடிந்து வயல் தொடங்கும் இடத்துக்கு வரும்போது கிழக்கே லேசாக வெளுக்கும். முதல் நாள் அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. இரண்டாம் நாளும் இல்லை. மூன்றாம் நாள் ஒரு வரப்பின் தலைமாட்டில் நின்றாள். "இது பொன்மணி. கதிர் நல்லா வாங்கியிருக்கு. ஆனா அந்தக் கோடி மூலையில பூச்சி விழுந்திருக்கு பாரு, இவன் கவனிக்கல" என்றாள். எனக்கு எல்லா வயலும் ஒரே பச்சையாகத்தான் தெரிந்தது. அன்று வீடு வரும்வரை பேசிக்கொண்டே வந்தாள். பேச்சு எல்லாம் நெல்லும் தண்ணீரும்தான். அப்பா பெயர் வரவில்லை. ஆனால் அப்பாவைப் பற்றித்தான் பேசினாள்.

பத்து நாளில் தூக்கம் வந்தது. மாத்திரை இல்லாமல் வந்தது. இதை நான் பெரிய மருத்துவக் கண்டுபிடிப்பாகச் சொல்லவில்லை. எல்லோருக்கும் இது உதவும் என்றும் சொல்லவில்லை. என் அம்மாவுக்கு உதவியது. அது போதாதா?

இனி அந்த 'ஊர்சுற்றல்' பற்றிச் சொல்கிறேன்.

அரண்மனைக் கலைக்கூடம் என் வீட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டர். பழைய பஸ் ஸ்டாண்டிலிருந்து நடக்கிற தூரம். கல்யாணப் புடவை எடுக்க, உரம் வாங்க, ஆஸ்பத்திரிக்கு என்று அம்மா தஞ்சாவூருக்கு எத்தனை நூறு முறை வந்திருப்பாள். மூட்டையை வைத்துக்கொண்டு அந்தப் பஸ் ஸ்டாண்டில் எத்தனை மணிநேரம் உட்கார்ந்திருப்பாள். 1951 இலிருந்து அங்கே கலைக்கூடம் இருக்கிறது. அது அம்மா பிறப்பதற்கு முந்தைய காலம். ஒரு நாள் யாரும் அவளை உள்ளே அழைத்துப்போகவில்லை. மார்கழி மூன்றாவது ஞாயிறு, என் பையன்தான், "அம்மாச்சிக்குத் திமிங்கல எலும்பு காட்டணும்" என்று அடம்பிடித்துக் கூட்டிப்போனான். சித்தியும் வந்தாள். நாலு பேரும் பனி விலகுவதற்குள் கிளம்பி, வழியில் இட்லி சாப்பிட்டுவிட்டு, நடந்தே போனோம்.

திமிங்கலத்தை அம்மா ஒரு நிமிடம் பார்த்தாள். சரபோஜி மன்னரின் சலவைக்கல் சிலையை அரை நிமிடம். செப்புத்திருமேனிகள் இருக்கும் பகுதியில் அவள் கால் நின்றுவிட்டது.

திருவெண்காட்டிலிருந்து வந்த ரிஷபவாகனரை, காளையோடு நிற்கும் சிவனை, பார்த்தவர்களுக்குத் தெரியும். சடையையே தலைப்பாகையாகச் சுற்றி, அதில் பாம்பு நெளிய, ஒரு காலைக் குறுக்கே மாற்றிவைத்து, ஒரு கையை ஒயிலாக மடித்துச் சாய்ந்து நிற்பார். எதன்மேல் சாய்ந்திருக்கிறார்? ஒன்றுமில்லை. அங்கே ஒரு காளை இருந்திருக்க வேண்டும். காளை இப்போது இல்லை. கை மட்டும் அந்தரத்தில் அதே இடத்தில் இருக்கிறது.

அம்மா கேட்டாள், "கையை எதுமேல வச்சிருக்காரு?"

மாடு இருந்துச்சும்மா, இப்ப இல்ல என்றேன்.

வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். "ஆனா விழல" என்றாள்.

நான் பள்ளியில் சரித்திரம் எடுப்பவள். சும்மா இருக்கமாட்டாமல் விவரம் சொன்னேன். ராஜராஜன் பெரிய கோயிலைக் கட்டி முடித்தது 1010. அடுத்த வருடம், 1011 இல், இந்தத் திருமேனி. பக்கத்தில் நிற்கும் அம்மன் 1012. திருவெண்காட்டுக் கோயில் கல்வெட்டிலிருந்தே இந்த வருடங்கள் தெரிகின்றன. இதையெல்லாம் சொல்லிக்கொண்டே போனபோது அம்மா குறுக்கே கேட்டாள், "அப்ப ஒரு வருஷம் தனியாவா நின்னாரு?"

இருபது வருடமாகச் சோழர் வரலாறு எடுக்கிறேன். அந்த இரண்டு வருடங்களையும் பிள்ளைகளுக்கு மனப்பாடம் பண்ணவைத்திருக்கிறேன். இடையில் ஒரு வருடம் இருக்கிறது என்பது எனக்குத் தோன்றியதே இல்லை. எட்டாவது படித்த என் அம்மாவுக்குத் தோன்றியது, ஏனென்றால் அவள் அந்த ஒரு வருடத்துக்குள் நின்றுகொண்டிருக்கிறாள்.

அதற்குப்பிறகு நாங்கள் மூன்று முறை போய்விட்டோம். நடை, இட்லி, அந்தச் சிலைக்கு முன்னால் நிற்பது, முற்றத்தில் உட்கார்வது. இரண்டாம் முறை கல்யாணசுந்தரர், அதாவது சிவன் பார்வதி கல்யாணக் கோலச் சிலை, முன்னால் சித்தியும் அம்மாவும் நின்று, பார்வதி வெட்கப்படுவது முகத்திலா தோளிலா என்று வாதாடினார்கள். மூன்றாம் முறை, சுவாமிமலையில் இன்றும் காவிரி வண்டலை எடுத்துத்தான் மெழுகு உருவத்தின்மேல் பூசுகிறார்கள் என்று சொன்னேன். பிறகு மெழுகை உருக்கி வெளியே விட்டு, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றுவார்கள், கடைசியில் மண் அச்சை உடைத்துத்தான் சாமியை எடுப்பார்கள் என்றேன். "நாம நடக்கற ஆத்துல ஓடற தண்ணி கொண்டாந்து போட்ட மண்ணுதானே" என்றாள் அம்மா. அப்படிச் சொல்லும்போது அவள் முகத்தில் ஒரு தெளிவு இருந்தது. படத்தில் இருக்கும் சிரிப்பு அதன் தொடர்ச்சி. இதையா ஊர்சுற்றல் என்கிறீர்கள்?

சிலர் கேட்பீர்கள், வருஷம் திரும்புவதற்குள் சாமியைப் பார்க்கக்கூடாதே என்று. அம்மாவே அந்த வழக்கத்தை மதிக்கிறாள். கோயிலுக்குப் போகவில்லை. பெரிய கோயில் கோபுரத்தைத் தினமும் தூரத்திலிருந்து பார்க்கிறாள், உள்ளே போவோமா என்று ஒரு நாளும் கேட்கவில்லை. பொங்கலுக்குப் புதுப்பானை வைக்கவில்லை. நான் அவளை எதையும் மீறச் சொல்லவில்லை. கோயில் கூடாது, கல்யாணம் கூடாது, பண்டிகை கூடாது. சரி. நடக்கக்கூடாது என்று எந்தச் சாஸ்திரத்தில் இருக்கிறது? ஒரு சிலையின் முன்னால் நிற்கக்கூடாது என்று எங்கே இருக்கிறது? சிரிக்கக்கூடாது என்று எவர் எழுதிவைத்தார்?

இன்னும் சிலர், போனது தப்பில்லை, படம் போட்டதுதான் தப்பு என்கிறார்கள். இதில் கொஞ்சம் நியாயம் இருக்கலாம். அம்மாவைக் கேட்டுவிட்டுத்தான் போட்டேன், ஆனால் இங்கே யார் யார் இருக்கிறார்கள் என்று அவளுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். அந்த அளவுக்கு ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அப்பாவின் படத்துக்கு மாலை போட்டுப் பதிவிட்டபோது இருநூறு பேர் வந்து கைகூப்பினீர்களே? துக்கத்தைக் காட்டலாம், அதிலிருந்து எழுந்து நிற்பதை மறைக்க வேண்டுமா?

அந்தப் பெரியவருக்கு நேராகவே சொல்கிறேன். உங்களை மாமா என்று கூப்பிட்டு வளர்ந்தவள் நான். அத்தை போன இருபதாம் நாள் நீங்கள் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து பேப்பர் படித்தீர்கள். நாங்கள் யாரும் அதைத் தப்பாக நினைக்கவில்லை. "பாவம், வீட்டுல ஒத்தையா எப்படி இருப்பாரு, நாலு பேரோட உக்காந்தாதான் மனசு ஆறும்" என்று சொன்னது யார் தெரியுமா? என் அம்மாதான். உங்களுக்கு டீக்கடை பெஞ்சில் ஆறிய மனசு, அவளுக்கு ஆற்றங்கரையில் ஆறக்கூடாதா? உங்களுக்கு இருபது நாள் போதுமானதாக இருந்தது. அவளுக்கு மூன்று மாதம் ஏன் போதாது?

கோபமாக எழுதுகிறேன் என்று தெரிகிறது. கோபம் அவர்மேல் மட்டும் இல்லை என்பதும் எழுத எழுதத்தான் தெரிகிறது.

எனக்கு அப்பாமேல் கோபம். நல்ல மனிதர், அம்மாவை ஒரு சொல் அதட்டியதில்லை. ஆனால் நாற்பது வருடத்தில் ஒரு நாள்கூட, வா, சும்மா நடந்துட்டு வருவோம் என்று அழைத்ததில்லை. இருவரும் வெளியே போனால் அவர் பத்தடி முன்னால் போவார், அம்மா பின்னால் பையைத் தூக்கிக்கொண்டு வருவாள். அவருக்கும் யாரும் சொல்லித்தந்ததில்லை. வயல்தான் அவருக்கு எல்லாம். சாயங்காலம் திண்ணையில் சாய்ந்தால் எழுந்திருக்கமாட்டார்.

சரி, நான் என்ன செய்தேன்? பன்னிரண்டு வருடமாக அரண்மனைக்கு இரண்டு கிலோமீட்டரில் குடியிருக்கிறேன். பள்ளிப் பிள்ளைகளை வருடாவருடம் வரிசையாக அழைத்துப்போய்க் காட்டியிருக்கிறேன். போன வருஷத்து மார்கழியில் அப்பா இங்கே வந்து நான்கு நாள் இருந்தார். காலையில் எழுந்து வாசலில் நாற்காலி போட்டு, தெருவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மூன்றாம் நாள், "இங்க ஆறு எங்க இருக்கு, தண்ணி எப்படிப் போவுதுன்னு பாக்கணும்" என்றார். விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். அடுத்த தடவை போலாம்ப்பா என்றேன். பனி வேறு, உங்களுக்கு இளைப்பு வரும் என்றும் சொன்னேன். அவர் சரி என்றார். நான்காம் நாள் ஊருக்குப் போய்விட்டார்.

ஆகவே, மாமா, நீங்கள் என் அம்மாவை ஏன் கூட்டிப்போனாய் என்று கேட்கிறீர்கள். என்னை நானே கேட்டுக்கொண்டிருக்கும் கேள்வி வேறு.

தைப்பனி தரையைத் துளைக்கும் என்பார்கள். அது உண்மைதான், இப்போது செருப்பைத் தாண்டிக் குளிர் ஏறுகிறது. அம்மாவுக்கு அதெல்லாம் பொருட்டில்லை. ஜனவரி 28 இல் மேட்டூர் அணையை மூடுவது வழக்கம். அதற்குப்பிறகு புது ஆற்றில் தண்ணீர் வற்றிக்கொண்டே போகும். அதற்குள் தினமும் போய்விட வேண்டும் என்கிறாள். அப்பாவின் கம்பளியை எடுத்துப் போர்த்திக்கொண்டுதான் வருகிறாள். நேற்று திரும்பும்போது, "வருஷம் திரும்பினதும் திருவெண்காட்டுக்குப் போவோம்டி, அந்தச் சாமியை மண்ணுக்குள்ளேர்ந்து எடுத்த எடம் எதுன்னு பாக்கணும்" என்றாள். அந்த மாட்டைத் தேடிப் பார்த்தார்களா என்றும் கேட்டாள்.

படத்துக்குக் கீழே வந்ததை நான் அவளிடம் சொல்லவில்லை. நாளைக்கு நாலே முக்காலுக்கு எழுப்பச் சொல்லிவிட்டுப் படுத்திருக்கிறாள். தூங்குகிறாள்.